ஒன்றரை ஷிப்ட்டுக்காரங்க பாண்டிச்சேரி போனப்போ

[ஆடியோ எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சுமொழியைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.]

இந்த வாரம் ட்ராவல் எபிசோட். ஆனா பாண்டிச்சேரியில எந்த கஃபேல உக்காந்தா போட்டோ நல்லா வரும், எந்தச் சுவர் மஞ்சளா இருக்கும்ங்கறதெல்லாம் நான் சொல்லப் போறதில்ல. அதுக்கு ரீல்ஸ் ஆயிரம் கெடக்கு. நான் பேசப் போறது திருப்பூர்ல பனியன் தொழில்ல இருக்கிற ஒரு புருஷன் பொண்டாட்டி, ரெண்டே நாள் லீவுல ஒரு கடலோர ஊருக்குப் போய், அங்கயும் போய் மில்லையே பாத்துட்டு வந்த கதை. அந்தப் பொண்டாட்டி நான்தான்.

வெளியூர்ல இருந்து கேக்கறவங்களுக்காக முதல்ல கொஞ்சம் கணக்கு சொல்லிடறேன். எங்க ஊர்ல வேலையை மணிக்கணக்குல பேச மாட்டோம், ஷிப்ட் கணக்குலதான் பேசுவோம். காலைல எட்டரைக்குப் போய் சாயங்காலம் அஞ்சரைக்கு வந்தா ஒரு ஷிப்ட். அதுக்கு மேல எட்டரை, ஒம்போது வரைக்கும் நின்னா ஒன்றரை ஷிப்ட். டெய்லர் வேணும்னு போர்டு வெக்கிற கம்பெனி, "தினமும் ஒன்றரை ஷிப்ட் உண்டு"ன்னு ஒரு வசதி மாதிரி சேத்து எழுதியிருக்கும். பாக்கறவங்களுக்கும் அது வசதியாத்தான் படும். ஒரு ஷிப்ட் கூலியில குடும்பம் ஓடாது. அந்த அரை ஷிப்ட்லதான் வாடகை, சீட்டுப் பணம், ஊருக்கு அனுப்பறது எல்லாம்.

நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர். பையர் மெயிலுக்குப் பதில் சொல்றது, சாம்பிள் அப்ரூவல் வாங்கறது, ஷிப்மெண்ட் தேதிக்குப் பயந்துக்கறது, இதான் வேலை. எங்க மாமா ஒரு நிட்டிங் யூனிட்ல ஆபரேட்டர். நிட்டிங் மெஷினை ராத்திரியில நிறுத்த மாட்டாங்க. ராத்திரி எட்டுல இருந்து காலைல எட்டு வரைக்கும் அவர் ஷிப்ட். எட்டே காலுக்கு அவர் வீட்டுக்குள்ள வருவாரு, எட்டரைக்கு நான் கம்பெனி வேன் ஏறணும். சாயங்காலம் நான் வர்றப்போ அவர் கெளம்பியிருப்பாரு. கல்யாணம் ஆகி ரெண்டு வருஷமா இதான் ஓடிட்டிருந்துச்சு. ஒரே கட்டில்ல ரெண்டு பேரும் தூங்கறோம், ஆனா வேற வேற நேரத்துல. பக்கத்து வீட்டு அக்கா இதை ஒரு ஜோக்கா சொல்லுவாங்க. நாங்களும் சிரிப்போம்.

திருப்பூருக்கு நிஜமான லீவுன்னா தீபாவளியும் பொங்கலும்தான். வெளி மாவட்டத்துக்காரங்க ஊருக்குப் போயிடுவாங்க, ஊரே காலியாயிடும், அவினாசி ரோட்டுல சாவகாசமா நடக்கலாம். 2025 பொங்கலுக்கு மாட்டுப் பொங்கல் வரைக்கும் ஊர்ல மாமியார் வீட்ல இருந்துட்டு, வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டு பேரும் பஸ் ஏறினோம். சேலம், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், அங்கிருந்து ஒரு டவுன் பஸ். ஜனவரி மாசம், மழை எல்லாம் ஓஞ்சு, ஜன்னல் வழியா நல்ல குளிர் காத்து. பாண்டிச்சேரிக்குப் போக இதைவிட நல்ல மாசம் இல்ல. மே மாசத்துல போனவங்களைக் கேட்டுப் பாருங்க.

அப்போ புதுச்சேரி பஸ் ஸ்டாண்டைப் புதுசா கட்டிட்டிருந்தாங்க. அதனால தற்காலிக பஸ் ஸ்டாண்ட் கடலூர் ரோட்டுல ஏ.எஃப்.டி. திடல்ல. விடியற்காலைல எறங்கினா, எதிர்பார்த்த மஞ்சள் சுவர், கடல் எதுவும் இல்ல. மண் தரை, தகரக் கொட்டகை, டீ வண்டி, அந்தப் பக்கம் நீளமா ஒரு பழைய காம்பவுண்டு சுவர். மாமா டீக்கடைக்காரர்கிட்ட, "ஏனுங்ண்ணா, இது என்னங்க கட்டடம்?"னு கேட்டாரு. "ரோடியர் மில்லுங்க. மூடியாச்சு"ன்னாரு அவர். மில்லுன்னு கேட்டதும் மாமா தூக்கம் போயிருச்சு. "என்ன மில்லுங்க, ஸ்பின்னிங்கா, வீவிங்கா?" "எல்லாமேதான். பஞ்சு உள்ள போனா துணியா வெளிய வரும்." அப்புறம் எங்க ரெண்டு பேரையும் ஒரு பார்வை பாத்துட்டு, "திருப்பூரா?"ன்னாரு. எப்படிக் கண்டுபிடிச்சாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

சரி, அதை விட்டுட்டு ஊரைப் பாத்தோம். சனிக்கிழமை பூரா வெள்ளைப் பட்டணம், கடற்கரைச் சாலை. நடுவுல ஒரு வாய்க்கால் ஓடுது. அதுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரங்க இருந்த பகுதி, மேற்கே தமிழர் பகுதி. பேரே வெள்ளைப் பட்டணம், கறுப்புப் பட்டணம்னுதான் வெச்சிருந்தாங்க. மறைச்சு மறைச்சுப் பேசற பழக்கம் அப்போ இல்ல போல. 1674ல ஃபிரான்சுவா மர்த்தேன் வந்து இங்க கம்பெனியை நிலைநாட்டினாரு. இங்க "கம்பெனி"ன்னு நான் சொல்றது நம்ம பனியன் கம்பெனி இல்ல, பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. ஆனா ரெண்டும் செஞ்சது கிட்டத்தட்ட ஒண்ணுதான். இங்க துணி வாங்கி, கப்பல்ல ஏத்தி, தூர தேசத்துல விக்கிறது.

நீங்க போட்டோ எடுக்கிற பழைய பிரெஞ்சுத் தெருக்கள் முதல்ல வந்த பிரெஞ்சுக்காரங்க கட்டினதும் இல்ல. 1761ல இங்கிலீஷ்காரங்க புதுச்சேரியைப் பிடிச்சு, கோட்டையையும் வெள்ளைப் பட்டணத்தையும் இடிச்சுத் தரைமட்டமாக்கிட்டாங்க. இப்போ நிக்கிறதெல்லாம் அதுக்கப்புறம் எழுந்தது. அந்த இடிபாட்டுக்கு முந்தின காலத்தைப் பாக்கணும்னா தமிழர் பக்கம் வரணும். ரங்கப்பிள்ளை வீதியில ஆனந்தரங்கப் பிள்ளை வீடு இருக்கு, 1730கள்ல கட்டினது. கீழ மரத்தூண் வெச்ச நம்ம ஊர் முற்றம், மேல மாடியில பிரெஞ்சு பாணித் தூண்கள். துய்ப்ளெக்ஸ் கவர்னரா இருந்தப்போ இவருதான் தலைமைத் துபாஷி. 1736ல இருந்து 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதினவரு. பள்ளிக்கூடத்துல இவரை "நாட்குறிப்பு வேந்தர்"னு ரெண்டு மார்க்குக்குப் படிச்சிருப்போம். ஆனா அந்த நாட்குறிப்புல கப்பல் எப்போ வருது, எந்த வியாபாரி எவ்வளவு துணி தர ஒத்துக்கிட்டான், என்ன விலை, யாருக்கு முன்பணம் குடுத்தாச்சு, யார் இழுத்தடிக்கிறான்னு பக்கம் பக்கமா இருக்கும். என்னைக் கேட்டா, அவரு எங்க ஜாதி. அதாவது மெர்ச்சண்டைசர் ஜாதி.

இப்போ ஒரு துணியைப் பத்திச் சொல்றேன். இதைத் தெரிஞ்சுக்கிட்டதுக்கப்புறம் எனக்கு அந்த ஊர் வேற மாதிரி ஆயிருச்சு. பேரு கினே. ஆப்பிரிக்காவோட கினி கடற்கரையில இருந்து வந்த பேரு. அவுரியில முக்கி முக்கி எடுத்த கருநீலப் பருத்தித் துணி. 18, 19ஆம் நூற்றாண்டுகள்ல புதுச்சேரியில இருந்து பிரான்ஸ் வழியா இது செனகல் போச்சு. செனகல் ஆத்தங்கரையில கருவேல இன மரத்துல இருந்து எடுக்கிற கோந்து கெடைக்கும். அந்தக் கோந்துக்கு விலை இந்த நீலத் துணி. காசு மாதிரியே புழங்கியிருக்கு. அந்தக் கோந்தை ஐரோப்பாவுல எதுக்கு வாங்கினாங்கன்னா, துணியில பிரிண்ட் போட. துணியைக் குடுத்து, துணிக்கு வேண்டிய பொருளை வாங்கியிருக்காங்க.

பிரான்ஸ்லயே இதே மாதிரி மலிவா நெய்து அனுப்பிப் பாத்திருக்காங்க. அந்த ஊர் ஆளுங்க வாங்கல. பளபளப்பு, தொடறப்போ இருக்கிற உணர்வு, அவுரி வாசனை, இதெல்லாம் வெச்சு இது புதுச்சேரித் துணி, இது இல்லன்னு பிரிச்சுச் சொல்லிடுவாங்களாம். ஹேண்ட் ஃபீல் சரியில்ல, ஷேட் மேட்ச் ஆகலன்னு எனக்கு வாரத்துக்கு நாலு மெயில் வருது. பையர்னா அன்னைக்கும் பையர்தான்.

இதுக்கும் பழைய கதை வேணுமா? ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆத்தோரமா அரிக்கமேடு இருக்கு. 1945ல மார்ட்டிமர் வீலர் தோண்டின இடம். ரோமானியர் காலத்து மட்பாண்டங்கள், மணிகளோட, செங்கல்ல கட்டின தொட்டிகளும் கெடச்சுது. துணிக்குச் சாயம் போட்ட தொட்டிகளா இருக்கலாம்னு வீலர் நினைச்சாரு. ஆட்டோ பிடிச்சுப் போனோம். ஏமாந்துடாதீங்க, பாக்க ஒண்ணும் இல்ல. மாமரங்கள், பிற்காலத்துக் கட்டடம் ஒண்ணோட இடிஞ்ச சுவர், அமைதியான ஆறு. தொட்டியெல்லாம் மண்ணுக்கு அடியில. மாமா அங்க நின்னுக்கிட்டு, "சாயத் தண்ணிய அப்படியே ஆத்துல விட்டிருப்பானுங்க"ன்னாரு. நொய்யல்காரங்களுக்கு முதல்ல அதுதான் தோணும். 2011 ஜனவரியில ஹைகோர்ட் உத்தரவு வந்து சாயப்பட்டறை எல்லாம் மூடினப்போ அவரு ஸ்கூல் பையன். அவங்கப்பா அப்போ பட்டறையில வேலை.

சனிக்கிழமை ராத்திரி ரூம்ல ஒரு விஷயம் நடந்துச்சு. ரெண்டு மணிக்கு முழிப்பு வந்து பாக்கறேன், அவர் ஜன்னல் பக்கம் உக்காந்திருக்காரு. "தூக்கம் வரலைங்களா?"ன்னேன். "இது எனக்கு வேலை நேரம், புள்ள. ஒடம்பு ஒத்துக்க மாட்டேங்குது"ன்னாரு. ரெண்டு வருஷத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு அவரை நான் அன்னைக்குத்தான் பாக்கறேன். சரி வாங்கன்னு நாலு மணிக்குக் கெளம்பி கடற்கரைச் சாலைக்கு நடந்தோம். சாயங்காலத்துல இருந்து காலைல ஏழரை வரைக்கும் அந்த ரோட்டுல வண்டி விட மாட்டாங்க. ஒரு பக்கம் காந்தி சிலை, 1836ல கட்டின பழைய கலங்கரை விளக்கம், இன்னொரு பக்கம் கறுப்புப் பாறைங்க மேல அலை. ரெண்டு பேரும் ஒரு ஸ்வெட்டரை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு விடியற வரைக்கும் பேசிட்டே நடந்தோம். என்ன பேசினோம்னா பெருசா ஒண்ணும் இல்ல. யூனிட்ல யார் யாருக்கு என்ன பட்டப்பேரு, நூல் அறுந்தா மெஷின் எப்படிச் சத்தம் போடும், அந்த மாதிரி. எனக்கு அவர் வேலை என்னன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுதுன்னு சொன்னா நம்புவீங்களா?

ஞாயித்துக்கிழமை காந்தி வீதியில சண்டே மார்க்கெட். ரோடு நெடுக துணி. நான் ஒரு டி-ஷர்ட்டை எடுத்து, பழக்க தோஷத்துல உள்பக்கம் திருப்பி, சைடு சீம், நெக் ரிப்னு பாத்துட்டிருந்தேன். "திருப்பூர் எக்ஸ்போர்ட் சரக்குக்கா, நம்பி எடுங்க"ன்னு கடைத் தம்பி. மாமா சிரிப்பை அடக்க முடியாம அந்தப் பக்கம் போயிட்டாரு. லேபிள் வெட்டின செகண்ட்ஸ் பீஸ். மூணு எடுத்தோம். ஆமா, திருப்பூர்ல இருந்து போய்.

மத்தியானம் சாப்பிட்டுட்டு பஸ்ஸுக்கு மறுபடி அதே ஏ.எஃப்.டி. திடலுக்கு வந்தோம். பஸ்ஸுக்கு நேரம் இருந்துச்சு. டீக்கடையில ஒரு பெரியவர், முன்னாள் மில் தொழிலாளி. மாமா போய் பக்கத்துல உக்காந்தாச்சு. ரெண்டு பேரும் மெஷின் பேச ஆரம்பிச்சு, பேச்சு எங்கெங்கயோ போய், அவர்தான் அந்தக் கதையை எடுத்தாரு. நான் ஊருக்கு வந்து தேடிப் படிச்சதையும் சேத்துச் சொல்றேன்.

புதுச்சேரியில 1820களோட கடைசியிலயே பிரெஞ்சுக்காரங்க நூற்பாலை ஆரம்பிச்சுட்டாங்க. 1930கள்ல மூணு பெரிய மில். சவானா, ரோடியர், கெப்ளே. சவானா பின்னாடி சுதேசி மில் ஆச்சு, கெப்ளே பாரதி மில் ஆச்சு, ரோடியர்தான் இந்த ஏ.எஃப்.டி., 1898ல ஆரம்பிச்சது. காலைல இருட்டுல உள்ள போனா இருட்டுலதான் வெளிய வரணும். சங்கம் வெக்க உரிமை இல்ல. வ. சுப்பையா அங்க தொழிலாளர்களைத் திரட்டினாரு. எட்டு மணி நேர வேலை, சங்கம் வெக்கிற உரிமைன்னு கேட்டு, 1936 ஜூலையில சவானா மில்லுக்குள்ளயே உக்காந்துட்டாங்க. ஜூலை 30ஆம் தேதி போலீஸ் சுட்டுது. 12 தொழிலாளிங்க செத்துப் போனாங்க.

அந்தச் செய்தி பாரிஸ் வரைக்கும் போச்சு. அப்போ அங்க லியோன் ப்ளூம் தலைமையில இடதுசாரிக் கூட்டணி ஆட்சி. அந்த வருஷம் ஜூன்லதான் பிரான்ஸ் தொழிலாளர்களுக்கு வாரம் 40 மணி நேர வேலையும் சம்பளத்தோட லீவும் குடுத்திருந்தாங்க. நேருவும் 1936 அக்டோபர்ல புதுச்சேரிக்கு வந்து பாத்தாரு. சுப்பையா பாரிஸ் போய்ப் பேசினாரு. 1937ல எட்டு மணி நேர வேலை சட்டமாச்சு, சங்கம் வெக்கிற உரிமையும் கெடச்சுது. ஆசியாவிலயே இதான் முதல்னு புதுச்சேரிக்காரங்க சொல்லுவாங்க. அதை நான் அளந்து பாக்கப் போறதில்ல. ஆனா எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் இருந்த பிரிட்டிஷ் இந்தியாவுல, 1934 ஃபேக்டரி சட்டப்படி ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு 54. எட்டு மணி நேரம்ங்கறது நமக்கு 1940கள்லதான் வந்துச்சு.

நாங்க சம்பளத்தோட லீவுன்னு ரெண்டு நாள் வந்து நிக்கிறோமே, அதுக்கும் இந்த 1936க்கும் ஏதோ சம்பந்தம் இருக்குன்னு எனக்குத் தோணுச்சு. மாமா வேற மாதிரி யோசிச்சாரு. "எட்டு மணி நேரம் வாங்கினீங்க சரிங்கய்யா, மில்லு எங்கே?"ன்னு பெரியவரையே கேட்டுட்டாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பெரியவர் கோவிச்சுக்கல. "மில்லு போனது எட்டு மணி நேரத்தால இல்ல தம்பி"ன்னு மட்டும் சொன்னாரு. மெஷின் மாத்தாதது, நஷ்டம், 2011 டிசம்பர்ல தானே புயல் வந்து கூரையெல்லாம் தூக்கிட்டுப் போனது, அதுக்கப்புறம் பாதி சம்பளத்துல வீட்ல உக்கார வெச்சதுன்னு ஒவ்வொண்ணா சொன்னாரு. 2020 ஏப்ரல் 30ஆம் தேதியோட மூடிட்டாங்க. மறுநாள் மே ஒண்ணு.

திரும்பி வர்ற பஸ்ல விழுப்புரம் வரைக்கும் எங்களுக்குள்ள இதுதான் வாக்குவாதம். 2023 ஏப்ரல்ல நம்ம சட்டசபையில ஃபேக்டரி சட்டத்தைத் திருத்தி, 12 மணி நேர வேலைக்கு வழி விடற மசோதா கொண்டு வந்தாங்களே, ஞாபகம் இருக்கா? எல்லாப் பக்கமும் எதிர்ப்பு வந்து, மே தினத்தன்னிக்கு வாபஸ் வாங்கினாங்க. அப்போ எங்க தெருவுல யாரும் பெருசா கண்டுக்கல. நாம ஏற்கனவே பன்னண்டு மணி நேரம்தான பாக்கறோம், இதுல புதுசா என்ன இருக்குன்னாங்க. நான் சொன்னேன், "எட்டு மணி நேர வேலையில குடும்பம் ஓடற மாதிரி கூலி குடுத்தா யாருங்க அரை ஷிப்ட் கேக்கப் போறாங்க?" அவரு சொன்னாரு, "குடுத்தா சரி. யாரு குடுப்பா? 84ல 127 நாள் ஸ்டிரைக் பண்ணினாங்க, பஞ்சப்படிக்கு. எங்க தாத்தா சொல்லுவாரு, அடுப்பு எரியலைன்னு." ரெண்டு பேர் சொன்னதும் நிஜம்தான். அதனாலதான் அது முடியல.

இப்போ, 2025 டிசம்பர்ல, இந்த எபிசோடை எதுக்கு எடுத்தேன்னு சொல்லிடறேன். ஆகஸ்ட் 27ஆம் தேதியில இருந்து அமெரிக்கா நம்ம துணிக்கு 50 சதவீத வரி போட்டுச்சு. அமெரிக்க ஆர்டரை நம்பி இருந்த கம்பெனி எல்லாம் ஆடிப் போச்சு. மாமா யூனிட்ல ராத்திரி ஷிப்ட்டை நிறுத்திட்டாங்க. பகல் எட்டு மணி நேரம் மட்டும். எனக்கும் அஞ்சரைக்கு வேன். மூணு மாசமா ரெண்டு பேரும் தினமும் ஒண்ணா சாப்பிடறோம். மொட்டை மாடியில உக்காந்து பேசறோம். ராத்திரி அவருக்குத் தூக்கம் வருது. அந்தப் பெரியவர் சொன்ன எட்டு மணி நேரம் எங்க வீட்டுக்கு வந்தே வந்துருச்சு, அரை ஷிப்ட் கூலி இல்லாம. ரெண்டு மாசச் சீட்டு கட்டல. வீட்டுக்காரம்மாகிட்ட தவணை கேட்டிருக்கோம்.

இந்தப் பொங்கலுக்கு தரங்கம்பாடி போலாம்னு மாமா சொல்றாரு. அதுவும் பழைய டேனிஷ் கோட்டை இருக்கிற ஊருதான், துணி ஏத்தின ஊருதான். போக மனசு இருக்கு. ஆனா ஐரோப்பா பையர் ஒருத்தர்கிட்ட பெரிய ஆர்டர் ஒண்ணு பேசிட்டிருக்கோம். சாம்பிள் போயிருக்கு. அது கன்ஃபர்ம் ஆச்சுன்னா பொங்கல் முடிஞ்ச மறுநாளே கம்பெனியைத் திறந்துருவாங்க, நிட்டிங்லயும் ராத்திரி ஷிப்ட் ஓடும். கன்ஃபர்ம் ஆகணும்னு தினமும் சாமி கும்பிட்டுட்டுத்தான் மெயிலைத் திறக்கறேன்.

சரி மக்களே, நீங்க பாண்டிச்சேரி போனா ஞாயித்துக்கிழமை இருக்கிற மாதிரி போங்க, மார்க்கெட்டை விட்டுடாதீங்க. டி-ஷர்ட் எடுத்தா நெக் ரிப்பை ஒரு தடவை இழுத்துப் பாத்துட்டு எடுங்க. அடுத்த வாரம் பாக்கலாம்.